பக்கத்து நாற்காலிச் சத்தம்

(கூடைப்பந்து நடுவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் இருக்கும் இளம் நடுவர்களுக்காகத் தயாரித்த உரை இது. பின்வரிசைகளில் பயிற்சியாளர்கள் சிலரும் தெரிகிறார்கள். இருந்து கேளுங்கள். உங்களைப் பற்றிய பேச்சுதான்; முதுகுக்குப் பின்னால் பேசினேன் என்ற பழி எனக்கு வேண்டாம்.

நடுவர் பயிற்சி என்றால் விதிப் புத்தகம், விசில், கைச் சைகை, ஓட்டம், நிற்கும் இடம் என்று எல்லாம் சொல்லித் தருகிறோம். கோபக்காரத் தலைமைப் பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு வகுப்பு உண்டு. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. ஆட்டம் சூடேறும்போது கவனித்துப் பாருங்கள், பெஞ்சில் இருந்து வரும் சத்தத்தில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கும். தலைமைப் பயிற்சியாளர் ஒரு தடவை கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த ஆட்டத் திட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார். உதவிப் பயிற்சியாளர் விட மாட்டார். எதிரணிக்காரர் கூடைக்குக் கீழே காலை வைத்ததும் வாய்விட்டு எண்ண ஆரம்பிப்பார். பந்தோடு யார் நகர்ந்தாலும் 'டிராவல்' என்பார். நாம் ஊதும் ஒவ்வொரு விசிலுக்கும் அவரிடம் ஒரு விமர்சனம் இருக்கும். ஊதாமல் விட்டதற்கு இரண்டு இருக்கும்.

அவரை என்ன செய்வது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரோடு உங்களுக்குப் பேச்சே வேண்டாம். பேச வேண்டியதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். சீக்கிரம் பேசுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள். விதிப் புத்தகமும் இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாம் பெஞ்சைப் பற்றிய பக்கத்தைத் தண்டனைக்கான பக்கமாக மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம்.

கொஞ்சம் பழைய கதை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கி 13 விதிகளை எழுதினார். ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று இரண்டு நடுவர்கள் அந்த விதிகளில் உண்டு. பயிற்சியாளர் என்று ஒருவர் எங்கேயும் இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் தொடர்வதா வேண்டாமா என்பதைக்கூட இரண்டு அணித்தலைவர்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். நெய்ஸ்மித்தே பின்னாளில் கேன்சஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் இவர் ஒருவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே கோச் வேலை சரிப்படவில்லை என்று பயிற்சியாளர்களைச் சீண்ட எனக்கு எப்போதும் உதவும் தகவல் இது.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1910-11 பருவத்துக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது அணியைச் சேர்ந்த யாரும் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. முதல் தடவை மீறினால் எச்சரிக்கை. அடுத்த தடவை எதிரணிக்கு 15 அடி தூரத்தில் இருந்து ஒரு ஃப்ரீ த்ரோ. முதலில் எச்சரிக்கை, பிறகு ஃப்ரீ த்ரோ என்ற அந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; நூறு ஆண்டு தாண்டியும் எலும்புக்கூடு அதேதான். டைம் அவுட்டின்போது பயிற்சியாளர் தன் ஆட்டக்காரர்களிடம் பேசலாம் என்ற அனுமதியே 1948-49 பருவத்தில்தான் வந்தது. அதுவரை அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். 1964-65இல் பயிற்சியாளர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், கடிகாரம் நிற்கும்போதும் ஆட்டக்காரர்களை வழிநடத்தவும் மட்டும் எழலாம் என்றார்கள். அவர் எழுந்து கையை வீசினால் கூட்டம் நடுவர் மேல் பாய்கிறது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். 1984-85இல் 28 அடி நீளத்துக்குக் கோடு போட்டு, நீங்கள் புழங்க வேண்டிய இடம் இதுதான் என்று வகுத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுந்து நிற்பதும் பேசுவதும் பயிற்சியாளருக்குப் பிறப்புரிமை என்று நினைத்துக்கொண்டு நாம் தயங்குகிறோம். அது படிப்படியாகக் கொடுக்கப்பட்ட சலுகை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விதியில் வழி இருக்கிறது.

இப்போதைய விதிக்கு வருவோம். நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதன்படி தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளரும் எழுந்து நிற்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நிற்பவர் பெஞ்ச் பகுதிக்குள் இருந்தபடி தன் ஆட்டக்காரர்களோடு பேசலாம். முதல் உதவிப் பயிற்சியாளர் நடுவரோடு பேசக் கூடாது என்று விதியே வாய்விட்டுச் சொல்கிறது. அதே சமயம் டைம் அவுட் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரமும் நிற்கும் நேரத்தில் ஸ்கோரர் மேசைக்கு வந்து புள்ளிவிவரம் கேட்கும் உரிமையும் உண்டு. வம்பு ஆரம்பிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஃபவுல் எண்ணிக்கை கேட்க மேசைக்கு வருவார். திரும்பிப் போகும் வழியில் நீங்கள் நிற்பீர்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தை விடுவார். மேசைக்கு வந்தது உரிமை, உங்களிடம் விட்ட வார்த்தை அத்துமீறல். இரண்டுக்கும் நடுவே நான்கு தப்படிதான் தூரம்.

அவர் எல்லை மீறி, நீங்கள் நடத்தைக் குற்றமான டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தால், அது யார் கணக்கில் ஏறுகிறது? ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். தலைமைப் பயிற்சியாளரின் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும். அவரே செய்த தவறுக்கு அந்தக் கட்டத்தில் 'சி' என்று எழுதுவார்கள். பெஞ்சில் இருக்கும் வேறு யார் செய்தாலும் 'பி'. எழுத்துதான் மாறுகிறது, கட்டம் அவருடையதே. இரண்டு 'சி' விழுந்தால் அவர் வெளியே போக வேண்டும். மூன்றும் 'பி'யாக இருந்தாலும், இரண்டு 'பி'யோடு ஒரு 'சி' சேர்ந்தாலும் அப்படியே. அதாவது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு தலைமைப் பயிற்சியாளர், பக்கத்து நாற்காலிக்காரரின் வாயால் அரங்கத்தை விட்டு வெளியேற நேரலாம். அப்படி நேர்ந்தால் அணியை நடத்தப்போவது யார்? முதல் உதவிப் பயிற்சியாளர். விதியின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், கத்திக் கத்தியே ஒருவர் பதவி உயர்வு வாங்கிவிடலாம்! நல்ல நடுவர் அந்த அளவுக்கு விட மாட்டார். நடத்தை மோசமானால் உதவிப் பயிற்சியாளரையே தகுதிநீக்கம் செய்து அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

அமெரிக்கப் பள்ளி ஆட்டத்தின் விதி இன்னும் கடுமை. அங்கே மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு விதிகளை எழுதுகிறது. பயிற்சியாளருக்கான கட்டத்தை 2017-18இல் 14 அடியில் இருந்து 28 அடியாக நீட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் நிற்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும்தான். உதவியாளர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல ஆட்டத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்து கைதட்டிவிட்டு உட்கார்ந்தால் குற்றமில்லை. டைம் அவுட்டில் எழலாம். அடிபட்ட பிள்ளையைப் பார்க்க நடுவர் கூப்பிட்டால் உள்ளே வரலாம். மற்றபடி நாற்காலிதான்.

உதவியாளர் மேல் டெக்னிக்கல் விழுந்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும். தலைமைப் பயிற்சியாளர் மேல் அது மறைமுகக் குற்றமாக ஏறும். அதோடு அவர் நிற்கும் உரிமையை இழந்து, மிச்ச ஆட்டம் முழுவதும் உட்கார்ந்தே நடத்த வேண்டும். நேரடிக் குற்றம் இரண்டு, அல்லது நேரடியும் மறைமுகமும் சேர்ந்து மூன்று என்றால் வெளியேற்றம். ஒரு பயிற்சியாளருக்கு உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது நின்று பழகியவருக்குத்தான் தெரியும். முன்னால் நிற்கும் எதிரணி ஆட்டக்காரரின் முதுகுதான் தெரியும். தன் பையன் எங்கே நிற்கிறான் என்றே புரியாது. கத்தியவர் உதவியாளர், கால் மடக்கி உட்காருபவர் தலைவர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்தப் பழமொழியை அப்படியே சட்டமாக்கியது போல இருக்கிறது இந்த ஏற்பாடு. சில சமயம் எய்தவருக்கே தெரியாமல் அம்பு பறக்கிறதே, அது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான். யாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று தேர்ந்தெடுத்தவர் அவர். அடக்க முடிந்தவரும் அவர் ஒருவரே. நீங்களும் நானும் ஆயிரம் சொன்னாலும் அடங்காதவர், தலைமைப் பயிற்சியாளர் ஒரு தடவை திரும்பி முறைத்தால் அடங்கிவிடுவார்.

இவர் ஏன் கத்துகிறார் என்று நடுவர்கள் யோசிப்பதே இல்லை. யோசித்தால் பாதி எரிச்சல் குறையும். அமெரிக்கப் பள்ளிகளில் ஒரே மாலையில் இரண்டு ஆட்டம் நடப்பது வழக்கம். முதலில் இளையோர் அணிகள், அடுத்து முதன்மை அணிகள். இளையோர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவர் பல பள்ளிகளில் முதன்மை அணிக்கு உதவிப் பயிற்சியாளர். ஏழு மணி வரை அவர் ராஜா. எழுந்து நின்றார், நடுவரிடம் கேள்வி கேட்டார், பதிலும் வாங்கினார். ஏழரை மணிக்கு அதே அரங்கத்தில், அதே பெஞ்சில், உட்கார் என்கிறோம். மனம் உட்கார மறுக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. உத்தியோகம் மாறியது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொரு வகை உண்டு. இவர் தலைமைப் பயிற்சியாளரின் மறைமுகச் சம்மதத்தோடு கத்துபவர். தலைவர் நல்ல பெயரோடு அமைதியாக இருப்பார். நடுவரை நச்சரிக்கும் வேலையைப் பக்கத்து நாற்காலி பார்த்துக்கொள்ளும். அடுத்த விசிலில் நடுவர் கொஞ்சம் தயங்கினால் இருவருக்கும் லாபம். இந்த வகையைத்தான் நான் மன்னிப்பதில்லை.

மூன்றாவது வகை, மேலே வரத் துடிக்கும் இளைஞர். கத்துவது உற்சாகத்தின் அடையாளம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவருக்கு ஒரு மனிதரை உதாரணம் காட்டுவேன். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏவில் ஃபில் ஜான்சன் என்று ஒருவர். 1975இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர். அப்படிப்பட்டவர் 1988 முதல் 2011 வரை யூட்டா ஜாஸ் அணியில் ஜெர்ரி ஸ்லோனுக்கு உதவியாளராகப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஸ்லோன் முன்கோபி. 2003 ஜனவரியில் நடுவர் ஒருவரைத் தள்ளிவிட்டு ஏழு ஆட்டத் தடை வாங்கினார். அந்த ஏழு ஆட்டங்களிலும் அணி அனாதையாகவில்லை. ஜான்சன் எழுந்து நடத்தினார். உதவியாளரின் உண்மையான வேலை இதுதான். தலைவர் நிதானம் இழக்கும் நாளில் நிதானத்தோடு மிச்சமிருப்பவர் ஒருவர் வேண்டும்.

சரி, களத்தில் என்ன செய்வது? நான் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். கல்லூரி அணிகளுக்கு இடையிலான போட்டி, வெளி மைதானம், மின்விளக்கு வெளிச்சம். ஓர் அணியின் உதவிப் பயிற்சியாளர் இரண்டாவது கால்பகுதியில் ஆரம்பித்தார். "மூணு செகண்டு! சார், மூணு செகண்டு!" எதிரணியின் உயரமான பையன் கூடைப் பக்கம் போனாலே இந்தக் குரல். நடுவர் மூத்தவர். முதல் இரண்டு மூன்று தடவை காதிலேயே வாங்கவில்லை. ஆட்டத்தோடு ஓடிக்கொண்டே இருந்தார். பிறகு பெஞ்சுக்கு எதிரே பந்து வெளியே போனது. எடுத்து வரப் பையன் ஓடினான். அந்தப் பத்து விநாடிதான் நடுவருக்குக் கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் களத்தைப் பார்த்தபடி நின்றார்கள். "மாஸ்டர், உங்க பெஞ்சுல இன்னொரு விசில் கேக்குது. கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பந்து வந்தது, விசில் கொடுத்தார், ஆட்டம் தொடர்ந்தது. தலைமைப் பயிற்சியாளர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் எண்ணிக்கைப் பாடம் நடக்கவில்லை.

அவர் செய்ததைப் பிரித்துப் பாருங்கள். உதவியாளர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவருக்கு மேடை கிடைத்திருக்கும். ஆட்டம் ஓடும்போது பேசவில்லை. நின்ற நேரத்தில் பேசினார். எதிரே போய் முகத்தைப் பார்த்து நின்றிருந்தால் சண்டை மாதிரி தெரிந்து கூட்டம் கூச்சல் போட்டிருக்கும். பக்கவாட்டில் நின்றதால் இரண்டு பேர் ஆட்டம் பார்ப்பது போலத்தான் இருந்தது. மிக முக்கியம், 'இன்னொரு வார்த்தை பேசினால் டெக்னிக்கல்' என்று சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை உங்கள் அகராதியில் இருந்தே எடுத்துவிடுங்கள். சொல்லிவிட்டால் அடுத்த முணுமுணுப்புக்கும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உங்கள் வாக்குக்கு மதிப்பில்லை. கெடு விதித்தவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்பதும் அப்படித்தான். கேட்டால் திரும்பச் சொல்வார், இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

பேச்சு பலிக்கவில்லையென்றால்? அமெரிக்கப் பள்ளி விதியில் நடுவே ஒரு நல்ல படி வைத்திருக்கிறார்கள். முறையான எச்சரிக்கை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, ஸ்கோரர் மேசைக்குப் போய், இந்த அணியின் பெஞ்சுக்கு எச்சரிக்கை என்று சொல்ல, ஸ்கோரர் அதைப் புத்தகத்தில் எழுதுவார். தலைமைப் பயிற்சியாளருக்கும் தெரிவிக்கப்படும். புள்ளி போகாது, ஃப்ரீ த்ரோ கிடையாது, ஆனால் எழுத்தில் ஏறிவிட்டது. குற்றம் பெரிதாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டி நேரே டெக்னிக்கல் கொடுக்கலாம். எழுத்துக்கு இருக்கும் மரியாதை வாய்க்கு இல்லை என்பது பள்ளிக்கூட வாத்தியார்களான உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் கொடுத்துவிடுங்கள். டெக்னிக்கல் ஃபவுலை நாடகம் இல்லாமல் கொடுப்பது ஒரு கலை. விசில், இரண்டு கையால் சைகை, மேசைக்கு அறிவிப்பு, முடிந்தது. கையை ஓங்கி வெட்டக் கூடாது, பெஞ்சை நோக்கி விரல் நீட்டக் கூடாது. கொடுத்தவர் அந்தப் பெஞ்சை விட்டு விலகிப் போய் நிற்க, சக நடுவர் அந்தப் பக்கத்துக்கு வர வேண்டும். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்வது அந்தச் சக நடுவரின் வேலை. இதை ஆட்டத்துக்கு முன்னால், உடை மாற்றும் அறையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுவர் காதில் மட்டும் விழுந்து, மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும் பேச்சுகள் பல. 'அந்தப் பெஞ்சில் ரெண்டாவது ஆள் ஆரம்பிச்சுட்டார்' என்று டைம் அவுட்டில் சொல்லி வைத்தால், மூவரும் ஒரே அளவுகோல் வைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. நான் இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, நாளைக்கே பெஞ்ச் பெஞ்சாகக் காது வைத்துக்கொண்டு திரியாதீர்கள். அப்படிச் செய்தவருக்கு என்ன ஆனது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007 ஏப்ரல் 15. டாலஸ் நகரில் டாலஸ் மாவெரிக்ஸுக்கும் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுக்கும் ஆட்டம். நடுவர்களில் ஒருவர் ஜோயி கிராஃபோர்டு. முப்பது ஆண்டு அனுபவம், லீக்கின் தலைசிறந்த நடுவர்களில் ஒருவர் என்று பெயர். கூடவே சூடான ஆள் என்றும் பெயர். ஸ்பர்ஸின் டிம் டங்கன் அப்போது களத்தில் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொதுவாகவே முகத்தில் எதையும் காட்டாத மனிதர். ஒரு தீர்ப்புக்குச் சிரித்தார். கிராஃபோர்டு டெக்னிக்கல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிரித்தார். இரண்டாவது டெக்னிக்கல். இரண்டு சேர்ந்ததும் வெளியே போ. உட்கார்ந்த இடத்தில் சிரித்ததற்காக ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நடுவர் தன்னைச் சண்டைக்கு இழுத்தார் என்று டங்கன் சொன்னார். அன்றைய என்பிஏ ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் இரண்டே நாளில் கிராஃபோர்டை அந்தப் பருவத்தின் மிச்சத்துக்கும், அதற்குப் பிறகு வரும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கும் சேர்த்து இடைநீக்கம் செய்தார். டங்கனுக்கும் 25,000 டாலர் அபராதம் விதித்தார்.

கிராஃபோர்டு அடுத்த பருவத்தில் திரும்பி வந்து 2016 வரை ஊதினார். நல்ல நடுவர்தான். அன்றைக்கு அவர் கண் பந்தை விட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டது. பெஞ்சில் என்ன நடக்கிறது என்று தேடிப் போகிறவருக்கு ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். சிரிப்பு, தலையாட்டல், உதட்டுச் சுழிப்பு என்று எதற்கும் குற்றப் பெயர் வைத்துவிடலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: அந்தச் சத்தத்தால் ஆட்டத்தின் ஓட்டமோ, சக நடுவரின் தீர்ப்போ, ஆட்டக்காரர்களின் நடத்தையோ கெடுகிறதா? கெட்டால் வேலையை ஆரம்பியுங்கள். உங்கள் தன்மானம் மட்டும்தான் சுடுகிறது என்றால் ஓடிக்கொண்டே இருங்கள். பின்கதை ஒன்று: அதே டங்கன் 2019-20இல் ஸ்பர்ஸின் உதவிப் பயிற்சியாளராக அதே பெஞ்சில் உட்கார்ந்தார். 2020 மார்ச்சில் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் வர முடியாத ஒரு நாளில் அவரே அணியை நடத்தி, சார்லட் அணியை ஒரு புள்ளியில் வென்றும் கொடுத்தார். ஒரே பருவத்தில் 41 டெக்னிக்கல் வாங்கி 2000-01இல் சாதனை படைத்த ரஷீட் வாலஸும் பின்னாளில் டெட்ராய்ட் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஆனார். இன்று உங்களிடம் விசில் வாங்கும் பையன் நாளைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவான் என்பதை மறக்காதீர்கள்.

விசில் அடங்கிய பிறகும் தலைவலி தீர்வதில்லை. 2022 பிப்ரவரி 20, விஸ்கான்சின், மிச்சிகன் பல்கலைக்கழக அணிகள் மோதின. விஸ்கான்சின் வென்றுவிட்டது. வெற்றி உறுதியான பிறகு, 15 விநாடி இருக்கும்போது அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் கார்டு டைம் அவுட் எடுத்தார் என்று மிச்சிகனின் தலைமைப் பயிற்சியாளர் ஜுவான் ஹோவர்டுக்குக் கோபம். கைகுலுக்கும் வரிசையில் வாக்குவாதம் முற்றி, ஹோவர்டின் கை விஸ்கான்சினின் உதவிப் பயிற்சியாளர் ஒருவரின் தலையில் விழுந்தது. ஹோவர்டுக்கு ஐந்து ஆட்டத் தடையும் 40,000 டாலர் அபராதமும், கார்டுக்கு 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தலைவர்கள் இருவர் மோதிக்கொள்ளும் இடத்தில் உதவியாளர்கள் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் தன் தலைவரின் தோளைப் பிடித்து நகர்த்திப் போகும் உதவியாளர் ஓர் அணிக்குக் கோடி பெறுவார்.

நம்மூர்ச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே கூடைப்பந்து வட்டம் சிறியது. இன்று விசில் ஊதுபவர் நாளை வேறொரு பள்ளியின் அணியோடு பெஞ்சில் இருப்பார். பெஞ்சில் கத்துபவர் உங்களோடு ஒன்றாகப் படித்தவராக இருப்பார், அல்லது உங்களுக்கு ஆட்டம் கற்றுத் தந்த மாஸ்டராகவே இருப்பார். "என்னடா தம்பி, அது ஃபவுலா?" என்று அவர் கேட்டால் எந்த விதியைக் காட்டுவது? அங்கேதான் தலைமைப் பயிற்சியாளர் வழியாகப் பேசும் முறை உங்களைக் காப்பாற்றும். உங்கள் குருவை நீங்கள் அதட்டத் தேவையில்லை. அவருடைய அணியின் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரியாதையும் கெடாது, ஆட்டமும் கெடாது. அதைச் சொல்லக்கூடத் தயங்கினால், எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் நேர்மையைச் சந்தேகிக்க அது ஒன்றே போதும்.

அமெரிக்காவில் 2018-19க்குப் பிறகான சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டதாக அந்தத் தேசியக் கூட்டமைப்பு சொல்லியிருக்கிறது. கொரோனா ஒரு காரணம். பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம் அதைவிடப் பழைய காரணம். ஆள் இல்லாமல் ஆட்டங்களை வேறு நாளுக்கு மாற்றிய மாநிலங்கள் உண்டு. ஒரு புதிய நடுவர் தன் முதல் பருவத்தில் மூன்று பெஞ்சுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் நான்காவது ஆட்டத்துக்கு ஏன் வரப் போகிறார்? மூத்த நடுவர்களே, புதியவரோடு ஊதும்போது சத்தம் போடும் பெஞ்ச் இருக்கும் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பந்தைப் பார்க்கட்டும்.

பின்வரிசைப் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், வார்ம் அப் நடக்கும்போது, உங்கள் உதவிப் பயிற்சியாளரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசுங்கள். நடுவரிடம் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல், நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். யார் எப்போது நிற்பது என்று இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் ஷீட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் மூன்று கட்டங்களையும் அவருக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள்.